அது பொட்டல் இல்லை, கண்மாய்

மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட எனக்கு மனசில்லை. "சுத்திப் பொட்டக்காடு, நடுவுல ஏழு மொட்டப் பாறை, இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்கிறார் அந்தத் தம்பி. சத்தம் என்று அவர் சொல்வது டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து இந்த ஊர்கள் நடத்திய போராட்டத்தை. அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவே இல்லை.

தம்பி, நீங்கள் நின்றது பொட்டல் இல்லை, கண்மாய் உள்வாய், அதாவது ஏரிக்கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பரப்பு. உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கல்தூண் தெரிகிறதே, குறுக்கே ஒரு கல்லோடு, அதுதான் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை. பங்குனியில் வந்தால் தரை பாளம் பாளமாக வெடித்துத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, தை அறுப்பு வரை வயலுக்குப் பாய்ந்து, கோடையில் வற்றுவதுதான் கண்மாய்.

மொட்டைப் பாறை என்கிறீர்கள். மொட்டையாக இருப்பதால்தான் தண்ணீர். மண் மூடிய மேடு மழையைக் குடித்துக்கொள்ளும், பாறை அப்படியே கீழே விட்டுவிடும். ஒரு ஏக்கர் பாறையில் ஒரு அங்குலம் மழை விழுந்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். பள்ளத்தில் தங்குவது சுனை. மிச்சம் ஓடையாக இறங்கி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் வழியாக வந்து சேரும். நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். 72 நீர்நிலை, 200 சுனை, 3 தடுப்பணைக்கு இந்தக் குன்றுகள்தான் ஆதாரம் என்று சொல்லித்தான் 2022இல் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இது கெடுவதற்குப் பெரிய காரணம் வேண்டாம். வண்டித்தடம் போட வரத்துக்காலில் குழாய் பதிக்காமல் நாலு டிராக்டர் மண்ணைத் தட்டினால் போதும், எவ்வளவு மழை பெய்தாலும் கண்மாய் காயும். கரம்பை (கண்மாய் வண்டல்) அள்ளுகிறோம் என்று மடை மட்டத்துக்குக் கீழே குழி போட்டால் தண்ணீர் குழியிலேயே நிற்கும், வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும்.

"வீடியோவால ஊர் பேர் பரவுதுல்ல" என்பார்கள். பரவட்டும். ஆனால் பாறை முகப்பு வரைக்கும் ட்ரோனைக் கொண்டுபோனது ஏன்? லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கிற இடம் அது. கூடு வைக்கிற மாதத்தில் பெட்டை பதறி எழுந்துபோனால் இந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். "ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா" என்றும் கேட்பார்கள். வேண்டும். அதற்காகக் கண்மாயைப் பொட்டல் என்று சொல்ல வேண்டுமா?

பொட்டல் லேசான சொல் இல்லை. ஒன்றுமில்லாத இடம் என்று ஒரு தடவை பெயராகிவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். 2024 நவம்பரில் இந்தப் பக்கத்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தபோது இந்த ஊர்கள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். வயசானவர்களும் நடந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு "இதுக்கா சத்தம்" என்று கேட்டால் வலிக்காதா?

மலையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அந்தப் பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது, ஊர் வழக்கில் இடைச்சிமண்டபம். சிவனின் அவதாரமாகச் சொல்லப்படுகிற லகுலீசரின் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வமானது, அங்கே இருக்கிறது. மலையில் இருக்கிற சமணத் திருமேனிக்கு, அதாவது சிலைக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. மலைக்குத் திருப்பிணையன்மலை என்று பெயர் சொல்லி, சமண முனிவர் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லி, முடிவில் "பாதிரிக்குடியார் ரட்சை" என்கிறது. பாதிரிக்குடி ஊரார் காவல் என்று அர்த்தம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஊர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பாறையில் எழுதிக்கொடுத்திருக்கிறது.

தம்பி, வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. தலைப்பில் இருக்கிற "பொட்டல்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கார்த்திகையில் மறுகால் பாயும்போது திரும்ப வந்து, அதே மடைக்கு மேலே கரையில் நின்று இன்னொன்று எடுங்கள். உள்வாயில் நிற்க இடம் இருக்காது.