2 ஜிபி ராமுக்கு ஆன்டிக்ஸ் போடுங்கள், 4 ஜிபிக்கு வேண்டியதில்லை

பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் போடலாம் என்று ஒருவர் கேட்டால் போதும், லுபுண்டு, பப்பி, மின்ட், போதி, லினக்ஸ் லைட் என்று பெயர்கள் வந்து குவிகின்றன. ராம் எவ்வளவு, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று திருப்பிக் கேட்பவர் அரிது. இந்த இரண்டும் தெரியாமல் சொல்லும் எந்தப் பதிலும் அவருக்கு உதவாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. அதனால் ஆன்டிக்ஸ் என்ற எடை குறைந்த லினக்ஸ் வகை (வகையை டிஸ்ட்ரோ என்பார்கள்) பற்றி விரிவாகவே எழுதிவிடுகிறேன். அதிகம் திட்டு வாங்குவதும், சரியான இயந்திரத்தில் போட்டால் அதிகம் உதவுவதும் அதுதான்.

ஆங்கிலத்தில் ஆன்டி என்று எழுதி எக்ஸ் சேர்த்திருப்பார்கள், உச்சரிப்பு ஆன்டிக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வருகிறது. அடித்தளம் டெபியன் என்ற பழைய, பெரிய டிஸ்ட்ரோ, ஆனால் இயந்திரம் தொடங்கும்போது மற்ற நிரல்களை இயக்கி வைக்கும் சிஸ்டம்டி கிடையாது. அதன் இடத்தில், 23-ஆம் பதிப்பில் சிஸ்வி இனிட் அல்லது ரன்இட், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். க்னோம், கேடிஇ போன்ற முழு டெஸ்க்டாப்பும் இல்லை. ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் என்ற, ஜன்னல்களை மட்டும் கவனிக்கும் சிறிய விண்டோ மேனேஜர்கள்தான். ஃபுல், பேஸ், கோர், நெட் என்று நான்கு வடிவங்களில் தருகிறார்கள். புதிதாக வருபவர் ஃபுல் எடுத்தால் போதும், லிப்ரே ஆபீஸ் உட்பட எல்லாம் அதில் இருக்கும். கோரும் நெட்டும் கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு.

பூட் ஆகி, எதையும் திறக்காமல் இருக்கும்போது ஆன்டிக்ஸ் எடுத்துக்கொள்வது சுமார் 200 எம்பி. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் உள்ள மின்ட் அதே நிலையில் 800 எம்பியைத் தொடும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தரப்பு கொண்டாடுகிறது. இன்னொரு தரப்பு, பிரவுசர் திறந்தால் எல்லாம் ஒன்றுதான் என்கிறது. இயந்திரத்தில் இருக்கும் ராமைப் பொறுத்து இரண்டு பேச்சும் சரியாகலாம், இரண்டும் தவறாகலாம்.

2 ஜிபி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கிராஃபிக்ஸுக்கு ஒரு பங்கு போய், கையில் இருப்பது 1,900 எம்பி என்று வையுங்கள். ஆன்டிக்ஸ் போக மீதி 1,700, மின்ட் போக மீதி 1,100. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு மெயில், ஒரு செய்தித்தளம், ஒரு யூடியூப் திறந்தாலே 1,000 முதல் 1,400 எம்பி வரை போகும். முதல் இயந்திரத்தில் அது ராமுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவதில் பெரும்பாலும் வழிந்து ஸ்வாப்புக்கு, அதாவது ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்து வைக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த ஸ்வாப் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அத்தோடு வேலை நின்றது.

ஏன் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி. தலை நகர இன்னொரு 11, 12. ஆக ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 17 மில்லி விநாடி, விநாடிக்கு 60 வாசிப்பு. ஸ்வாப்பிலிருந்து திரும்ப வரும் பக்கம் (நினைவகத் துண்டு) ஒவ்வொன்றும் 4 கேபி. சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் விநாடிக்கு 240 கேபிதான் வரும். 200 எம்பி திரும்பி வர 14 நிமிடம். லினக்ஸின் மையமான கெர்னல் எட்டு எட்டுப் பக்கமாகச் சேர்த்து எடுப்பதால் நடைமுறையில் இது குறையும், ஆனாலும் நிமிடக் கணக்குதான். டேப் மாற்றினால் மவுஸ் உறைந்து, ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறதே, அப்போது உள்ளே நடப்பது இதுதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குப் பல ஆயிரம் வாசிப்பு செய்யும்.

ஆகவே என் கருத்து இது. 2 ஜிபியும் அதற்குக் கீழும் என்றால் ஆன்டிக்ஸ் மிச்சம் பிடிக்கும் 600 எம்பி உண்மையான வித்தியாசம், அதை விட்டுவிடாதீர்கள். 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அந்த 600 எம்பிக்காக வசதிகளை இழக்க வேண்டாம். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எம்எக்ஸ் லினக்ஸ் போடுங்கள். 4 ஜிபி ராமோடு ஹார்ட் டிஸ்க் இருந்தால் டிஸ்ட்ரோ தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய லேப்டாப்பில் சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்பு இருந்தாலும் கவலை இல்லை, வேகம் 280 எம்பி சுற்றி நின்றுவிடும், ஆனால் சிதறிய வாசிப்புக்கு அது தடையே இல்லை. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய பெட்டியில் இடம் 9.5 மில்லிமீட்டர். நடுவில் 2.5 மில்லிமீட்டர் சட்டம் வைக்காவிட்டால் இணைப்பு ஆடி, அவ்வப்போது டிஸ்க் காணாமல் போகும். ராம் சேர்ப்பதானால் டிடிஆர்3-யா டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்து வாங்குங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. 1.35 மட்டுமே ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் ராம் செருகினால் திரையே வராது.

ராம் கூட்ட வழியில்லை என்றால் இசட்ராம். ராமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் அது. பொதுவாக இரண்டு மடங்குக்குக் குறையாமல் சுருங்கும். 2 ஜிபி இயந்திரத்துக்கு 1 ஜிபி இசட்ராம் போதும், டிஸ்க் ஸ்வாப்பைவிட அதிக முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பை 10 ஆக்கு என்ற பழைய அறிவுரையை அப்படியே இதற்கும் போடுகிறார்கள். அது ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்புக்குச் சொன்னது. இசட்ராமில் எடுத்து வைப்பது மலிவு, அதனால் 100 அல்லது அதற்கு மேல் வையுங்கள். 5.8 முதல் கெர்னல் 200 வரை ஏற்கும்.

இனி புகார்களுக்கு வருகிறேன். அழகில்லை, இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறது என்பதுதான் முதலில் வரும். உண்மைதான். ஆனால் இப்படி எழுதுபவர்களில் பலர் 16 ஜிபி இயந்திரத்தில், கணினிக்குள் கணினி போல ஓடும் விர்ச்சுவல் பெட்டிக்குள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். ஆன்டிக்ஸ் யாருக்காக இருக்கிறதோ அந்த இயந்திரத்தில் அதை அவர்கள் பார்க்கவே இல்லை. கண்ட்ரோல் சென்டரில் தீம், எழுத்தளவு, வால்பேப்பர் மூன்றையும் மாற்றக் கால் மணி நேரம் போதும். லாகின் திரையில் எஃப்1 அழுத்தினால் செஷன் மாறும். டெஸ்க்டாப் ஐகான் வேண்டாம் என்பவர்கள் மினிமல் செஷனுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் ராம் மிஞ்சும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் பாசிச எதிர்ப்பாளர்கள், போராளிகள் பெயர் வைப்பதும் சிலருக்குப் பிடிக்கவில்லை. 17-ஆம் பதிப்பு ஹெதர் ஹேயர், 19 மரியெல் ஃபிராங்கோ, 23 ஆர்டிட்டி டெல் போபோலோ. எனக்கு இதில் குறை தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் உழைத்து இலவசமாகக் கொடுப்பவர்களுக்குத் தாங்கள் மதிப்பவர்கள் பெயரை வைக்க முழு உரிமை உண்டு.

வைஃபை கிடைக்கவில்லை என்ற புகாரில் மட்டும் நியாயம் இருக்கிறது. மற்ற டிஸ்ட்ரோக்களில் இணைய இணைப்பைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் இருக்கும் இடத்தில் ஆன்டிக்ஸ் கான்மேன் வைத்திருக்கிறது. அதன் ஜன்னலில் வைஃபை என்ற தொழில்நுட்பமே அணைந்து கிடந்தால் அக்கம்பக்க இணைப்பு எதுவும் பட்டியலில் வராது. டிரைவர் இல்லை என்று நினைத்து ஆட்கள் ஆன்டிக்ஸையே அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டெக்னாலஜீஸ் பகுதியில் வைஃபையை இயக்கி, ஆர்எஃப்கில் கட்டளையில் தடை விலகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதி பிராட்காம் சில்லு. அதற்கு பி43, டபிள்யூஎல் என்று வெவ்வேறு டிரைவர்கள் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் இரண்டும் வேலை செய்யாது. எல்எஸ்பிசிஐ கட்டளையில் சில்லு எண்ணைப் பார்த்து, உரியதை வைத்து, மற்றதைத் தடைப்பட்டியலில் போட வேண்டும். அதுவரை இணையத்துக்குப் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் போதும், டிரைவர் எதுவும் கேட்காது.

இன்ஸ்டால் செய்யும் முன் பென் டிரைவிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இந்த விஷயத்தில் ஆன்டிக்ஸும் அதன் உறவான எம்எக்ஸும் மற்ற எல்லாரையும்விட மேல். பூட் மெனுவில் எஃப்5 அழுத்தி பெர்சிஸ்டன்ஸ் தேர்ந்தால் செய்த மாற்றங்கள் பென் டிரைவிலேயே நிற்கும். ராம் குறைவு என்றால் ஸ்டாட்டிக் வகையை எடுங்கள், அது நேராக எழுதும். மற்றது மாற்றங்களை ராமில் வைத்திருந்து ஷட்டவுன் செய்யும்போது எழுதும், 2 ஜிபியில் ராம் நிரம்பிவிடும். திரை கருப்பாக நின்றால் அதே பூட் மெனுவில் பாதுகாப்பான வீடியோ முறை இருக்கிறது. சில ஆட்டம் நெட்புக்குகளில், குறிப்பாக என்2600, என்2800 சில்லு உள்ளவற்றில், கிராஃபிக்ஸ் பவர்விஆர் வகை. அதற்குச் சரியான லினக்ஸ் டிரைவர் இல்லை, எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் வீடியோ தடுமாறும். அதைவிடப் பழைய என்450, என்455 உள்ளவற்றில் இந்தத் தொல்லை கிடையாது.

32 பிட்டா 64 பிட்டா என்பதில் நடக்கும் குழப்பம் வருத்தம் தருகிறது. விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்போடு விற்ற கோர் 2 டியோ, பென்டியம் டூயல் கோர் இயந்திரங்களின் சில்லு 64 பிட். விண்டோஸ் 32 என்று காட்டியதை நம்பி 32 பிட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) இறக்குகிறார்கள். எல்எஸ்சிபியு அடித்தால் சிபியு எந்தெந்த முறையில் ஓடும் என்று முதல் வரிகளிலேயே சொல்லும். 64 இருந்தால் 64 போடுங்கள். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல் 144-ஆம் பதிப்போடு நிறுத்தியது, நீண்டகாலப் பதிப்பான 140-க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது திருத்தம் வரும் என்றார்கள். டெபியன் 13 வந்தபோது 32 பிட்டுக்குக் கெர்னலும் இன்ஸ்டாலரும் தரவில்லை. நிஜமாகவே 32 பிட் மட்டும் உள்ள சில்லு என்றால் டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஆன்டிக்ஸ் 23 போட்டு, எழுத்து வேலைக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

யூடியூப் திக்கினால் டிஸ்ட்ரோவைக் குறை சொல்வதற்கு முன் கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையைப் பாருங்கள். 2011 வாக்கில் வந்த இன்டெல் கிராஃபிக்ஸ் எச்264 போன்ற பழைய கோடெக்குகளைத்தான் வன்பொருளில் விரிக்கும். யூடியூப் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1, அது முழுக்க சிபியு தலையில் விழுகிறது. எச்264 மட்டும் கேட்கச் செய்யும் நீட்சியைப் பிரவுசரில் போட்டு, பழைய இன்டெலுக்கான ஐ965 விஏ டிரைவரையும் வைத்தால் 720பி ஓடும். விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜின் கட்டாயம், செய்தித்தளங்களில் ராமும் சிபியுவும் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

தமிழ் எழுத, முதலில் எழுத்துரு. லோகித், மீரா இனிமை இரண்டும் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கின்றன. கனமில்லாத வழி என்று லினக்ஸோடு வரும் எக்ஸ்கேபி விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 (தமிழ்99) வைப்பவர்கள் உண்டு. தனியாக ஒரு நிரலும் ஓடாது, ராம் செலவில்லை. ஆனால் எக்ஸ்கேபியில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். 'க' விசையை இரண்டு முறை தட்டினால் 'க்க' ஆகாது, 'கக' என்றே விழும், ஒவ்வொரு புள்ளியையும் நாமே வைக்க வேண்டும். தமிழ்99 பழகிய கைக்கு அது தாங்காது. ஐபஸ் என்ற தட்டச்சு நிரலோடு, தமிழ்99 விதிகள் உள்ள எம்17என் போடுங்கள், சில பத்து எம்பி போனாலும் போகட்டும். ஐஸ்டபிள்யூஎம்மில் ஐபஸ் தானாகத் தொடங்காது, டெஸ்க்டாப் செஷனின் ஸ்டார்ட்அப் கோப்பில் அதன் டெமனுக்கு (பின்னணியில் ஓடும் நிரலுக்கு) ஒரு வரி சேர்க்க வேண்டும். செயலிகளின் ஜன்னல்களை வரையும் ஜிடிகே, க்யூடி, எக்ஸ் மூன்றுக்கும் உள்ளீட்டு முறை ஐபஸ் என்று சூழல் மாறியில் சொல்லாவிட்டால், ஐகான் மட்டும் தமிழ் காட்டும், எழுத்து ஆங்கிலமாகவே விழும்.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் தவணை இயந்திரங்கள் 2 ஜிபி ராம் கொண்டவை. விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், தயவுசெய்து ஒரு முறை இதை முயன்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைக்குத் தட்டச்சு பழகவும், பைத்தான் படிக்கவும், பிடிஎஃப் வாசிக்கவும் அது தாராளமாகப் போதும். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பாமினி எழுத்துருவில் டிடிபி என்று பிழைப்பு நடத்துபவர்களுக்கு நான் ஆன்டிக்ஸ் சொல்ல மாட்டேன். கடைகளில் கிடக்கும் சில பழைய லேசர் பிரிண்டர்களும் லினக்ஸில் சுலபத்தில் அடங்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்பட்டுக் கிடந்த இயந்திரத்தில் போடுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி பல இயந்திரங்களில் தீர்ந்திருக்கும். தேதி பின்னால் போய் நிற்கும். அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வரும், அப்டேட் கொடுத்தால் களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று மென்பொருள் இறக்கும் ஆப்ட் மறுக்கும். நெட் இல்லை, டிஸ்ட்ரோ கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் கடிகாரத்தைச் சரி செய்து, பிறகு அப்டேட் கொடுங்கள். சில லேப்டாப்பில் அந்த பேட்டரி இரண்டு கம்பியோடு சுருக்குறை போட்டு வரும், வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள்.