அந்த அணில் ஏஐக்கு வருமா?

ஏஐ கவிதை எழுதுமா என்றால், எழுதும். கேட்ட மாத்திரத்தில் பத்துக் கவிதை எழுதித் தரும், அதில் ரெண்டு மூன்று நம் முகநூலில் நூறு லைக் வாங்கும் தரத்திலும் இருக்கும். ஆனால் இதுவரை யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்து எழுதுமா என்று கேட்டால், இன்றைய நிலையில் இல்லை என்றுதான் சொல்வேன்.

2024 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வைப் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியர், எமிலி டிக்கின்சன் போன்றவர்களின் கவிதைகளையும் அவர்கள் பாணியில் சாட்ஜிபிடி எழுதியதையும் கலந்து 1,634 பேரிடம் கொடுத்தார்கள். எது மனிதர் எழுதியது என்று சரியாகச் சொன்னது 46.6 சதவீதம்தான், காசு சுண்டிப் போட்டிருந்தால்கூட ஐம்பது வந்திருக்கும். வேறொரு குழுவிடம் மதிப்பெண் போடச் சொன்னபோதும் அழகு, சந்தம் போன்றவற்றில் ஏஐக்குத்தான் கூடுதல். சரி, ஆனால் அதற்கு அந்த ஆய்வாளர்கள் சொல்லும் காரணத்தையும் படிக்க வேண்டும். ஏஐ கவிதை உடனே புரிந்துவிடுகிறது, மனிதர் எழுதியதில் இருக்கும் சிக்கலைத்தான் வாசகர்கள் எந்திரத்தின் உளறல் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஆய்வில் இவற்றைப் படித்துப் பார்த்தவர்கள் கவிதையில் பழக்கம் உள்ளவர்களும் இல்லை.

குறுந்தொகையின் 41ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்ந்திருக்கிறேன், அவர் பிரிந்துபோனாலோ, காட்டு வழியோரச் சிற்றூரில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு போல ஆகிவிடுகிறேன் என்று தோழியிடம் சொல்கிறாள் தலைவி. ஆளில்லாத வீடு என்றதும் நமக்கெல்லாம் ஒட்டடை வரும், துருப்பிடித்த பூட்டு வரும், இருட்டு வரும். இந்தக் கவிஞருக்கு அணில் வந்திருக்கிறது. அந்த அணிலுக்கு எந்தத் துக்கமும் இல்லை, விரட்ட ஆளில்லாததால் அது பாட்டுக்கு ஆடுகிறது, அது அப்படிச் சந்தோஷமாக ஆட ஆடத்தான் அந்த வீட்டின் வெறுமை நம் நெஞ்சில் ஏறி உட்காருகிறது. எழுதியவரின் சொந்தப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, அணிலாடு முன்றிலார் என்றுதான் அழைக்கிறோம்.

இதே பிரிவைச் சொல்லி ஏஐயிடம் தமிழில் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். மௌனம், ஜன்னலோர மழை, ஆறிப்போன தேநீர், காலி நாற்காலி. சுற்றிச் சுற்றி இவைதான். முன்னால் இருக்கும் சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அதன் வேலைமுறை, அதனால் எல்லாரும் போன தடத்திலேயே போகிறது. 'டெம்பரேச்சர்' என்று அதில் ஒரு செட்டிங் இருக்கிறது, அதைக் கூட்டினால் அரிதான சொற்களும் வரும் என்பார்கள். வரும். அணிலும் வரலாம், கூடவே ஒட்டகமும் டார்ச் லைட்டும் வரும். அவற்றில் அணில்தான் சரி என்று எடுத்து வைக்க ஒருத்தர் வேண்டுமே, என்னைக் கேட்டால் அந்த ஒருத்தர்தான் கவிஞர்.

ஏஐ எழுதும் வெண்பாவில் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் ஒழுங்கு, தட்டுகிறது என்று அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சீருக்குப் பின் எந்த அசை வர வேண்டும் என்பதற்கு மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், கடைசிச் சீர் எந்த வாய்பாட்டில் முடிய வேண்டும் என்பதற்கு நாள் மலர் காசு பிறப்பு, இவையெல்லாம் விதிகள். 'அவலோகிதம்' மென்பொருள் எத்தனையோ வருடமாக இதை அலகிட்டு, அதாவது சீர் அசையாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏஐயும் இன்றோ நாளையோ இதைக் கற்றுக்கொள்ளும். தளை தட்டாத வெண்பா எழுதிவிட்டதாலேயே மனிதர்கள் யாரும் கவிஞராகிவிடவில்லையே.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. அம்மா இறந்ததற்கு, அப்பாவின் நினைவு நாளுக்கு ஏஐயிடம் கேட்டு வாங்கிய கவிதையை இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள். உங்கள் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாய்மை, தியாகம், தெய்வம் என்று அதில் இருப்பது எந்த அம்மாவுக்கும் பொருந்தும், உங்கள் அம்மா அதில் இல்லை. அவர் முந்தானையில் என்ன முடிந்து வைப்பார், யாரிடம் மட்டும் கோபப்படுவார், கடைசியாக எதைச் சாப்பிடக் கேட்டார்? அதில் ஒன்றை ரெண்டு வரியில் எழுதுங்கள், எதுகை மோனை எதுவும் வேண்டாம், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் படிப்பேன்.