ஸ்கைவர் என்று சிரித்தவர்களுக்கு

நேற்று நம் வாட்ஸப் குழுவில் சுற்றிய படம் எது என்று எல்லோருக்கும் தெரியும். கிடங்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் தம்பி, கீழே 'ஸ்கைவிங் அகெய்ன்', அதாவது 'மறுபடியும் ஓபி அடிக்கிறான்' என்று ஒரு வரி. போட்டது மேலாளர். சிரிப்புப் பொம்மை போட்டது நம் ஆட்கள். எனக்கு வலித்தது இரண்டாவதுதான்.

அது அவனுடைய பிரேக். 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை தர வேண்டும் என்று பிரிட்டனின் 1998 வேலைநேர விதிகளே சொல்கின்றன. பிரேக்கில் உட்காருவதற்குப் பெயர் ஓபி அடிப்பதா?

"இந்த ஊர்க்காரர்கள் பேச்சே அப்படித்தான் அக்கா, ஸ்கைவ், டாஸ், ஃபாஃப் என்று சோம்பலைச் சொல்லும் வார்த்தையெல்லாம் சும்மா கேலி" என்கிறீர்கள். சரி, கிளம்பத் தாமதமானால் 'ஸ்டாப் ஃபாஃபிங் அபௌட்', நேரத்தை வீணாக்காதே என்று என்னையும் சொல்வார்கள், நானும் சிரிப்பேன். ஸ்கைவர் அப்படியில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் என்று பெயர் விழுந்துவிட்டால் ஷிப்ட் குறையும். இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதியே இல்லாத ஜீரோ அவர் ஒப்பந்தக்காரனுக்கு அந்த ஷிப்ட்தான் வாடகை.

2019இல் காய்ச்சலோடு வேலைக்குப் போனவள் நான். அப்போது சட்டப்படியான நோய்க்காலப் பணம் முதல் 3 நாளுக்குக் கிடையாது, அதன் பிறகும் வாரத்துக்கு 94.25 பவுண்டுதான். பணத்தைவிட, 'இவளும் ஸ்கைவர்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்களே என்ற பயம்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

ஏமாற்றுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். திங்கட்கிழமை மட்டும் வயிற்றுவலி வருகிறவரை எனக்கும் தெரியும். அதற்காகப் பிரேக்கில் இருப்பவனைப் படமெடுப்பீர்களா?

2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் விவாதம் நடக்கும்போது பிரிட்டன் நாடாளுமன்ற முன்வரிசையில் சாய்ந்து படுத்திருந்தவர் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேக்கப் ரீஸ்-மாக். 2022இல் அதே மனிதர், அமைச்சராக, அரசு ஊழியர்களின் காலி மேசைகளில் 'நான் வந்தபோது நீங்கள் இல்லை' என்று சீட்டு வைத்தார். மேலே இருப்பவர் படுக்கலாம், இரவெல்லாம் பெட்டி தூக்கியவன் உட்காரக்கூடாது. இதற்கா நாம் கை தட்டுகிறோம்?

சிரித்தவர்களில் சிலர் என் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டவர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். 'அது அவன் பிரேக்' என்று ஒரே ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன தடை?