ஒவ்வொரு போலிக்கும் ஓர் அசல் பலி

நண்பர் ஒருவர் இன்பாக்ஸில் ஒரு படம் அனுப்பி, "வாங்கலாமா?" என்று கேட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ஹெல்மெட். மங்கிய மஞ்சள், பச்சை, செம்பழுப்பு என்று மூன்று நிறத்தில் உருமறைப்புப் பூச்சு, அதன்மேல் கோழிக்கூண்டுக் கம்பிவலை. பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு அந்த அழகுதான் இடித்தது. "வேண்டாம்" என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். இன்பாக்ஸில் அடங்காது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வெறும் சாம்பல் பச்சை ஹெல்மெட்டை விட, போர்க்களத்தில் வண்ணம் பூசிய ஹெல்மெட்டுக்குப் பல மடங்கு விலை. எல்லாக் கேட்டுக்கும் அதுதான் மூலம். போலி செய்கிறவன் இரும்பை அடித்து வளைப்பதில்லை. அசல் போர்க்கால ஹெல்மெட் ஒன்றை வாங்கி, அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிக்கிறான். கள்ள நோட்டு அடிப்பவன்கூட நல்ல நோட்டைக் கிழிப்பதில்லை. இவன் கிழிக்கிறான். என் கோபமெல்லாம் இதில்தான்.

"உள்ளே முத்திரை சரியாக இருக்கிறதே" என்றார் நண்பர். இருக்கத்தான் செய்யும், இரும்பு அசல்தானே! இடப்பக்க உள்விளிம்பில் 'ஈடி 64' என்று இருந்தால் ஹார்ட்ஸ் மலைப்பக்கம் தாலே ஊர் ஆலையில் செய்தது, 64 என்பது ஹெல்மெட் ஓட்டின் அளவு. 'க்யூ' என்றால் எஸ்லிங்கன் ஊரில் இருந்த க்விஸ்ட் கம்பெனி. விளிம்பு உள்பக்கம் மடிந்திருந்தால் எம்35 அல்லது எம்40 மாடல். மடிக்காமல் வெட்டு விளிம்பாக வெளியே விரிந்திருந்தால் 1942-இல் வந்த எம்42. இதெல்லாம் இரும்பின் ஜாதகம். பெயிண்ட் எப்போது ஏறியது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது.

முதல் உலகப்போரில் ஒரு வரைமுறையாவது இருந்தது. 1918 ஜூலையில் ஜெர்மன் தளபதி லூடன்டோர்ஃப் பெயரில் வந்த உத்தரவு, காவி மஞ்சள், பச்சை, துருப்பழுப்பு என்று நிறங்களையும், அவற்றுக்கு நடுவே விரல் அகலக் கருப்புக் கோட்டையும் சொன்னது. இரண்டாம் போரில் கையில் கிடைத்ததுதான் வண்ணம். 1940 மார்ச்சில் ஹெல்மெட் மினுங்கக் கூடாது என்று சொரசொரப்பான பூச்சுக்கு மாறி, வலப்பக்கம் இருந்த மூவண்ணச் சின்னத்தையும் எடுத்தார்கள். 1943 பிப்ரவரியில் ராணுவ வண்டிகளுக்கு மங்கிய மஞ்சள் அடிப்படை நிறமானது. டப்பாவில் பசையாக வரும் அந்தப் பெயிண்டைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து வண்டிக்கு அடித்தார்கள். மிச்சத்தைத் தலையிலிருந்ததற்கும் அடித்துக்கொண்டார்கள். மினுங்காமல் இருக்கச் சிலர் மணலையோ மரத்தூளையோ கலந்தார்கள். ரஷ்யப் பனியில் சுண்ணாம்பு. அவசரத்தில், குளிரில், எவனோ ஒருவன் பூசியது. அதில் ஓவியக் கண்காட்சி நேர்த்தி எங்கிருந்து வரும்?

நானும் ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் ஒரு பழைய பொருள் சந்தை. தாத்தா வீட்டு வைக்கோல் கொட்டகையில் கிடைத்தது என்றார் விற்றவர். கதை நன்றாக இருந்தது, கதைக்கும் சேர்த்தே பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்ததும் சாயம் வெளுத்துவிட்டது. உச்சியில் துரு அரித்த குழிகள், அந்தக் குழிகளுக்குள்ளேயும் மஞ்சள் பெயிண்ட். இரும்பை அந்த அளவுக்குத் துரு தின்னப் பல வருஷம் ஆகும். பெயிண்ட் அதற்கும் பிறகு வந்திருக்கிறது. உச்சியில் வட்டமாகத் தேய்ந்திருந்தது, உப்புத்தாள் வேலை. ஆனால் தினமும் கை பிடிக்கிற, கழற்றித் தரையில் வைக்கிற விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

அதைவிட வலித்தது இன்னொன்று. இடப்பக்கம் மஞ்சளுக்கு அடியில் கழுகுச் சின்னத்தின் ஓரம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. பழைய சின்னத்தோடும் ஆலைப் பூச்சோடும் எண்பது வருஷத்துக்குக் கிட்ட தப்பிப் பிழைத்த ஒரு எம்40 அது. யாரோ ஒரே மதியத்தில் அதை முடித்துவிட்டார். சுரண்டிப் பார்க்கலாமா என்றால் மேலே வந்தது போகும்போது கீழே இருப்பதும் சேர்ந்து போகும். எண்ணெய் போட்டுத் துடைத்துப் 'புதுப்பித்து'த் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன்.

நண்பர் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். கம்பிவலை நிஜமாகவே பல மாதம் அந்த ஹெல்மெட்டில் இருந்திருந்தால், கம்பி பட்ட இடமெல்லாம் உரசி, பெயிண்டில் தடம் விழுந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் கம்பி ஓரிடத்தில் விலகியிருக்கிறது. அடியில் வழவழவென்று மாசுமறு இல்லை. துருப்பிடித்த வலை, துடைத்துவிட்ட மாதிரி பெயிண்ட். பிறகென்ன?

நாஜிச் சாமானை ஏன் சேர்க்கிறாய் என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள், தெரியும். சின்னத்துக்காக இல்லை. ஜெர்மனியில் சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதற்குக் குற்றவியல் சட்டத்தில் தடை இருக்கிறது, விற்பனைப் படங்களில் அந்த இடத்தை மறைத்துத்தான் போடுகிறார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம். போர் முடிந்ததும் அங்கே மிஞ்சிய ஹெல்மெட்டுகளில் துளை போட்டுச் சமையல் சல்லடையாக்கி விற்றார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். கைப்பிடி வைத்த சல்லடை, தான் சல்லடை என்றுதானே சொல்கிறது.

என் போலி இப்போதும் அலமாரியில்தான் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை, விற்றால் அடுத்தவர் கையில் மறுபடி கொட்டகைக் கதை முளைக்கும். 'பெயிண்ட் போலி' என்று தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். தாள்தானே, எனக்குப் பிறகு எடுத்து எறிய எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் உள்தோலுக்கு அடியில் இன்னொரு தாளும் செருகியிருக்கிறேன்.