விண்டோஸில் மட்டும் ஸ்கிப் பண்ணச் சொல்லும் மகராசர்களுக்கு

பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் ஆபீஸில் எல்லோர் கையிலும் மேக்புக். எழுதிய புரோகிராமைச் சேர்த்துச் சோதிக்கும் பில்டு ஓடுவது லினக்ஸில். காசு கொடுத்து வாங்குகிற கஸ்டமர்கள் இருப்பதோ விண்டோஸில். இந்த லட்சணத்தில், புரோகிராம் சரியா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் விண்டோஸில் சிவப்பானால், அதாவது தோற்றால், டீமில் வருகிற முதல் யோசனை என்ன தெரியுமா? "அதை விண்டோஸில் மட்டும் ஸ்கிப் பண்ணிடு மச்சி." அப்புறம் யாருக்காகய்யா டெஸ்ட் எழுதுகிறோம்?

ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாத்தில், ஃபோல்டர்களுக்கு நடுவில் மேக்கும் லினக்ஸும் / போடும், விண்டோஸ் \ என்ற பேக்ஸ்லாஷைப் போடும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பேக்ஸ்லாஷ் என்ன நேற்றா முளைத்தது? 1983-ல் எம்எஸ்-டாஸ் 2.0-வில் ஃபோல்டர்கள் வந்தபோது, / ஏற்கெனவே கமாண்டுகளின் ஆப்ஷன்களுக்குப் போயிருந்தது. அதனால் \ வந்து உட்கார்ந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் நம் ஆட்கள் ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் நடுவில் ஒரு ஸ்லாஷ் வைத்துக் கூட்டல் குறியால்தான் ஒட்டுகிறார்கள். பைத்தான் மொழியில் பாத்களைச் சரியாகக் கையாளும் பாத்லிப் வந்தது 2014-ல். இறக்குமதி செய்ய ஒரே வரி. அதற்கும் வலிக்கிறது.

இன்னொரு ரகம் உண்டு. டெஸ்டில் விடையை ஒப்பிடும் அசெர்ட் வரிக்கு முன்னால் \ எல்லாவற்றையும் / ஆக மாற்றிவிட்டு, "ஃபிக்ஸ் பண்ணிட்டேன்" என்பார்கள். பச்சை வரும், வராமல் என்ன? நம் புரோகிராம் தப்பான ஸ்லாஷை வெளியே அனுப்பினாலும் இனி அந்த டெஸ்ட் வாயைத் திறக்காது. லினக்ஸில் \ என்பது ஃபைல் பெயருக்குள்ளேயே வரக்கூடிய சாதாரண எழுத்து. அதை மாற்றினால் அது வேறொரு பாத். ஸ்கிப்பாவது நேர்மையானது, இது அதைவிட மோசம்.

ஸ்லாஷோடு முடிகிற கதையும் இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் மேக்கும் விண்டோஸும் வழக்கமான செட்டிங்கில் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. லாக் ஃபைலுக்கு 10:30 என்று நேரத்தைப் பெயராக வைப்பார்கள், விண்டோஸில் ஃபைல் பெயரில் அந்த முக்காற்புள்ளிக்கு இடமே கிடையாது. மேக்கில் /வார் என்பது /பிரைவேட்/வார் என்ற இடத்துக்கு ஒரு லிங்க். அதற்குள் இருக்கும் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரின் பாத்தை வெறும் எழுத்து வரிசையாக ஒப்பிட்டால் அங்கேயே கவிழும்.

எனக்கு நிஜமாகவே பற்றி எரிந்தது தமிழ்ப் பெயர் விஷயத்தில்தான். 'கோவை' என்று பெயர் வைத்த ஒரு டெஸ்ட் ஃபைல். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஃபைல்களைச் சேமிக்க மேக்கின் பழைய முறையான எச்எஃப்எஸ் பிளஸில் இருக்கும் டிஸ்க், பெயரை இரண்டாகப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றேதான், ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி நார்மலைஸ் செய்திருந்தால் முடிந்தது. டீமில் இருக்கிற நம்ம ஊர்க்காரரே என்ன செய்தார்? ஃபைல் பெயரை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டு, "இப்போ பாஸ் ஆகுதுல்ல" என்றார். தமிழில் பெயர் வைக்கிற கஸ்டமரையும் இப்படியே மாற்றிவிடுவாரோ!

டெஸ்டை ஓட்டும் விண்டோஸ் மெஷின், அதாவது ரன்னர், மெதுவாம், செலவாம். சரி, ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் பதியும் கமிட்டுக்கு வேண்டாம், அவற்றை மெயின் புரோகிராமோடு சேர்க்கும் மெர்ஜுக்கு முன் ஒருமுறை ஓட்டுங்கள். பாத்லிப்பில் ப்யூர்விண்டோஸ்பாத் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் பாத் எப்படிப் பிரியும், எப்படிச் சேரும் என்பதை லினக்ஸில் உட்கார்ந்தே சோதித்துவிடலாம். சல்லிக்காசு செலவில்லை. இதைச் சொன்னால் "அடுத்த ஸ்பிரிண்ட்டில் பார்ப்போம்" என்கிறார்கள். ராத்திரி சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் கேபுக்குள் மாட்டிக்கொண்டு கஸ்டமரின் போன் காலில் திட்டு வாங்குவது அவர்களா, நானா? இனி காரணமும் டிக்கெட் நம்பரும் இல்லாமல் ஸ்கிப் என்று வருகிற எதையும் ரிவ்யூவில் அப்ரூவ் பண்ண மாட்டேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லுங்கள், போங்கள்.