அந்தக் காட்சி 1986 ஹிட்சர் படத்தில் இல்லைங்க

ஹிட்சர் (The Hitcher) என்கிற ஆங்கிலப் படத்தில் லாரியில் கட்டிப் போட்ட பொண்ணு கிழிபடுவதை அப்படியே காட்டுவார்கள், அதனால் பார்க்காதீங்க என்று மேலே அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்கிறார். அது தப்புங்ணா. நம்ம நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு ட்ரெய்லர் லாரி, இஞ்சின் வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் அவளைக் கட்டிப் போட்டுவிட்டு கொலைகாரனாக வரும் ரட்கர் ஹாவர் கிளட்ச்சை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார், சுட்டால் கால் நழுவி வண்டி நகர்ந்துவிடும் என்று போலீஸ் கையைப் பிசையும், அவரிடமிருந்து ஓடி ஒளிகிற கதாநாயகப் பையன் கையில் துப்பாக்கி இருந்தும் சுட முடியாது. அப்புறம் கிளட்ச்சை விடுவார். அவ்வளவுதான், கிழிபடுவதைக் காட்டவே மாட்டார்கள். காட்டியது 2007 ரீமேக்கில், அதிலும் மாட்டுவது பொண்ணு இல்லை, அந்தப் பையன். 1986 படத்தில் உருளைக்கிழங்கு வறுவலுக்குள் விரல் கிடப்பதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.