அல்லாவெர்தி கானை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லாதீர்கள்

ஈரானின் இஸ்பஹான் நகரத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாலத்தின் படத்தைப் போடுகிறார்கள். ஜாயந்தே ரூத் ஆற்றின் மேல் 33 வளைவுகள், இரண்டு அடுக்கு, மஞ்சள் செங்கல். ஆற்றில் இப்போது பெரும்பாலும் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் நிற்கிறது பாலம். அதற்கு அல்லாவெர்தி கான் பாலம் என்றும் பெயர் உண்டு. 1602 வாக்கில் கட்டி முடித்தவர் அவர்தான்.

கீழே வழக்கமான வரி ஒன்று வரும்: "அடிமையாக வந்தவர் ஆளுநராக உயர்ந்தார், திறமைக்குக் கிடைத்த மரியாதை." இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் ஜார்ஜியாவில் உந்திலாத்சே என்ற கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மதம் மாறி, ஷாவின், அதாவது ஈரான் மன்னரின், 'குலாம்' ஆனார். நம் ஊரில் குலாம் காதர், குலாம் முகமது என்று பெயர்களில் கேட்கும் அதே சொல்தான்; அடிமை என்று பொருள். அல்லாவெர்தி என்றால் துருக்கிய மொழியில் 'கடவுள் கொடுத்தார்'. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவரைப் பெற்றவள் ஞாபகம்தான் வருகிறது.

திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. 1595-இல் பார்ஸ் மாகாணத்துக்கு ஆளுநர். குலாம்களில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் ஆள். ஆனால் ஷா அப்பாஸுக்கு வேறு கணக்கும் இருந்தது. அரசுக்குப் படை தந்த துருக்கியக் குலங்களான கிசில்பாஷ்களின் தலைவர்களுக்குப் பின்னால் சொந்தக் குலமும் படையும் நின்றன. குலாமுக்கு ஷாவை விட்டால் யாருமில்லை. அதனால்தான் நம்பினார். 1613-இல் அல்லாவெர்தி இறந்தபோது ஷாவே பாடையோடு நடந்தார். அந்த அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் மகன் இமாம் குலி கான் பார்ஸின் ஆளுநரானார். 1622-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஹோர்முஸ் தீவைப் பிடித்துக் கொடுத்தார். அவருடைய தலைநகரான ஷிராஸில்தான் ஜார்ஜிய அரசி கெத்தெவான் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டிருந்தார். மதம் மாற மறுத்ததால் 1624-இல் ஷாவின் உத்தரவுப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வதைத்துக் கொன்றார்கள். அவருடைய எலும்பில் ஒரு பகுதி கோவா வரை வந்து, 2021-இல்தான் ஜார்ஜியாவுக்குப் போனது. தந்தை பிறந்த மண்ணின் அரசியை மகன் ஆளும் ஊரிலேயே கொன்றிருக்கிறார்கள். இதை எந்த வெற்றிக் கணக்கில் எழுதுவது?

1632-இல் புது ஷா சபி, இமாம் குலியை மகன்களோடு சேர்த்துக் கொன்றான். இமாம் குலியின் தம்பி தாவூத் கான் கலகத்தில் இறங்கியதுதான் உடனடிக் காரணம். தாவூத் கைகோத்தது ஜார்ஜிய மன்னர் தைமுராஸோடு. கெத்தெவானின் மகன் அவர்.